"சின்ன ஸ்டேக்தானே?" – கேசினோ போக்கர் ரூம் தேடும் திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு நீண்ட த்ரெட்

1/
"கோவா போறோம். சின்ன ஸ்டேக்ல போக்கர் கேஷ் கேம் ஆட எந்தக் கேசினோ நல்லது?"

நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப்களில் இந்தக் கேள்வி இப்போ அடிக்கடி வருது. பதில் சொல்ல உடனே பத்து பேர் வர்றாங்க. இந்தக் கப்பல்ல சாப்பாடு நல்லா இருக்கும், அந்தக் கப்பல்ல டீலர் வேகம், இன்னொண்ணுல டேபிளுக்கு காத்திருக்க வேண்டியதில்லை. சிலர் கொழும்புக்கே போகச் சொல்றாங்க.

ஒரு பொதுநல மருத்துவரா நானும் பதில் சொல்றேன். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க. திட்டணும்னு தோணினா கடைசி வரை படிச்சுட்டு திட்டுங்க.

2/
முதல்ல, இந்தக் கேள்வி ஏன் இப்போ இவ்வளவு வருது?

2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் ஆன்லைன் கேமிங் சட்டத்தை நிறைவேற்றியது. காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை அது மொத்தமா தடை செய்யுது. நடத்துறவங்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுறவங்களுக்கு தண்டனை கிடையாது. பெரிய ரம்மி, போக்கர் ஆப்கள் எல்லாம் காசு ஆட்டத்தை நிறுத்தின.

ஆப் போச்சு. ஆனா கை அரிப்பு போகலை. போனில் ஆடினவர் இப்போ கப்பல் தேடறார். அவ்வளவுதான் நடந்தது.

3/
இதுக்கு முன்னாடி தமிழ்நாடு தனியா போராடிய கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2021ல் உயர் நீதிமன்றம் பழைய தடைச் சட்டத்தை ரத்து செய்தது. 2022ல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு. அதன் பிறகு புதுச் சட்டம். ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்ற, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல். அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும், ஆனா ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றைத் தடைப் பட்டியலில் வைக்க முடியாதுன்னு சொன்னது. 2025ல் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேணும்னு மாநில ஆணையம் விதி கொண்டு வந்தது. அந்த விதி செல்லும்னு ஜூனில் தீர்ப்பு வந்தது.

இந்த மொத்த வழக்குகளிலும் ஒரே வாதம்தான் சுத்திச் சுத்தி வந்தது. "போக்கர் சூதாட்டம் இல்லை, திறமை."

4/
அந்த வாதத்தை நான் மறுக்கப் போறதில்லை. ஆமா, போக்கர்ல திறமை இருக்கு. ஆயிரக்கணக்கான கை ஆடினா, நல்லா ஆடத் தெரிஞ்சவர் தெரியாதவரை ஜெயிப்பார். ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம்னு உச்ச நீதிமன்றம் 1967லேயே சொல்லியிருக்கு.

என் கேள்வி வேற. உங்க டேபிள்ல திறமைசாலி யாரு?

வாரம் முழுக்க அதையே தொழிலா ஆடுறவரா? இல்ல ஆறு நாள் கம்பெனியில கத்திட்டு, ஷிப்மென்ட் டென்ஷன்ல தூக்கம் கெட்டு, ராத்திரி பஸ்ல குலுங்கிட்டு வந்து, ரெண்டு பெக் உள்ளே போனபிறகு சீட்டை எடுக்கிற நீங்களா?

5/
போக்கர் ஆடுறவங்க பாஷையில ஒரு சொல் உண்டு. சரியா ஆடத் தெரியாம காசோட வந்து உக்கார்றவருக்குப் பேர் "ஃபிஷ்". மீன்.

"எந்த ரூம் நல்ல ரூம்?"னு கேட்டா விவரம் தெரிஞ்ச ஆட்டக்காரர் சொல்ற பதில் இதுதான்: மீன் அதிகமா இருக்கிற ரூம். டூரிஸ்ட் வர்ற ரூம். குடிச்சுட்டு ஆடுற ரூம். லீவு நாள் ராத்திரி ரூம்.

இப்போ யோசிங்க. தீபாவளி லீவுல பதினாலு பேர் சேர்ந்து வண்டி பிடிச்சு போற நம்ம கோஷ்டி, அந்தக் கணக்குல யாரு? நீங்க நல்ல ரூமைத் தேடிப் போகலைங்க. நீங்க போறதாலதான் அது நல்ல ரூம்.

6/
வள்ளுவர் சூதுக்குன்னு தனி அதிகாரமே வெச்சிருக்கார். 94வது. அதன் முதல் குறளிலேயே அவர் பயப்படுறது தோல்வியைப் பார்த்து இல்லை, வெற்றியைப் பார்த்து. ஜெயிச்ச காசை தூண்டில்ல மாட்டின இரைக்கு ஒப்பிடுறார். அதை முழுங்குற மீன்தான் ஜெயிச்சவர்.

போக்கர்காரங்க அதே உயிரினத்தின் பேரைத்தான் வெச்சாங்க. வித்தியாசம், வள்ளுவர் மீனுக்கு எச்சரிக்கை சொன்னார். இவங்க மீன் எந்த ரூம்ல கிடைக்கும்னு பேசிக்கிறாங்க.

7/
"அதெல்லாம் பெரிய ஆட்டத்துக்கு டாக்டர். நாங்க ஆடுறது சின்ன ஸ்டேக். பத்தாயிரம் வெச்சு உக்காருவோம். போனா போகுது."

சரி, கணக்கு போடலாம். நம்ம ஊருக்கு கணக்கு சொல்லித் தரணுமா என்ன? பீஸ் ரேட்டுல அஞ்சு பைசாவுக்கு அரை மணி நேரம் பேரம் பேசுற ஊர் இது.

கேஷ் கேம்ல வீட்டுக்காரன், அதாவது கேசினோ, உங்க கூட ஆடுறதில்லை. ஒவ்வொரு பாட்லயும் ஒரு கமிஷன் எடுக்கும். அதுக்குப் பேர் ரேக். பொதுவா 5 சதவீதம் அளவுல இருக்கும், இடத்துக்கு இடம் மாறும், அதிகபட்சம் இவ்வளவுன்னு ஒரு உச்சவரம்பும் இருக்கும்.

8/
ஒரு உதாரணக் கணக்கு:

டேபிள்ல 9 பேர். ஆளுக்கு 10,000. மொத்தம் 90,000.
மணிக்கு 25 கை. சராசரி பாட் 2,400 ரூபாய்.
5 சதவீதம்னா கைக்கு 120 ரூபாய். மணிக்கு 3,000.
ராத்திரி 8 மணியிலிருந்து காலை 6 மணி வரை, 10 மணி நேரம்: 30,000 ரூபாய்.

90,000ல 30,000 போயிருச்சு. மூணுல ஒரு பங்கு. ஒருத்தர் கூட தப்பா ஆடலைன்னாலும், எல்லாரும் சமமான திறமைன்னாலும், விடியறப்போ ஆளுக்கு 3,300 ரூபாய்க்கு மேல காணோம். டீலருக்குக் கொடுக்கிற டிப்ஸ் இதுல சேரலை.

9/
இப்போ உச்சவரம்புக்கு வாங்க. இங்கதான் சின்ன ஸ்டேக் ரகசியம் இருக்கு.

பெரிய ஆட்டத்துல பாட் லட்சத்துல போகும். ரேக் உச்சவரம்பைத் தொட்டு நின்னுடும். அவங்களுக்கு அது ஒரு சதவீதம் கூட வராது. சின்ன ஆட்டத்துல பாட் உச்சவரம்பைத் தொடவே தொடாது. முழு 5 சதவீதமும் ஒவ்வொரு கையிலயும் போகும்.

அதாவது சதவீதத்துல பாத்தா, எல்லாரையும் விட அதிகமா கமிஷன் கட்டுறவர் சின்ன ஸ்டேக் ஆடுறவர்தான். கந்து வட்டிக்கும் பேங்க் வட்டிக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. இல்லாதவன்தான் அதிக வட்டி கட்டுறான்.

10/
வரியையும் பாத்துருவோம்.

கேசினோவில் சிப் வாங்கக் கொடுக்கிற தொகை மேல ஜிஎஸ்டி உண்டு. 2023 அக்டோபரில் 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22லிருந்து 40 சதவீதம். மிச்ச சிப்பைத் திருப்பிக் கொடுத்து காசு வாங்கினாலும் அந்த வரி குறையாது. நுழைவுக் கட்டணம், பேக்கேஜ்னு எந்தப் பேர்ல வசூலிச்சாலும், கடைசியில அதைச் சுமக்கிறது டேபிள்ல உக்கார்றவர்.

ஜெயிச்சா? வருமான வரி தட்டையா 30 சதவீதம், மேல செஸ். போன வாரம் தோத்ததை இந்த வாரம் ஜெயிச்சதுல கழிக்க முடியாது.

நாம தைக்கிற 2,500 ரூபாய் வரையிலான துணிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதையே சமாளிக்க முடியலைன்னு சங்கத்துல மனு கொடுக்கிறோம். 40 சதவீதம் கட்டி சீட்டாட மட்டும் கப்பல் ஏறுறோம்.

11/
கணக்கு போதும். இனி என் தொழிலுக்கு வர்றேன்.

சூதாட்ட நோய்னு ஒண்ணு உண்மையிலேயே இருக்கு. "கெட்ட பழக்கம்", "வளர்ப்பு சரியில்லை", "பணத்திமிர்" இதெல்லாம் இல்லை. நோய். அமெரிக்க மனநல சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு 2013ல் அதை மது, போதைப்பொருள் அடிமைத்தனம் இருக்கிற அதே அத்தியாயத்துக்கு மாத்தியது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலிலும் தனிப் பெயரோட இருக்கு.

ஏன் போதையோட சேர்த்தாங்க? மூளையில நடக்கிறது கிட்டத்தட்ட ஒண்ணுதான். எப்போ கிடைக்கும்னு தெரியாத பரிசு டோபமினைத் தூண்டுற மாதிரி, நிச்சயமான பரிசு தூண்டாது. மாசச் சம்பளம் யாரையும் அடிமையாக்கறதில்லை. பத்துக் கையில ஒரு கை வர்ற பாட் ஆக்கும். கொஞ்சத்துல தவறிப்போன கை, அதாவது கடைசி சீட்டுல போன ஆட்டம், தோல்வின்னு தெரிஞ்சும் "அடுத்தது வந்துரும்"னு மூளையை உக்கார வைக்கும்.

12/
இப்போ முக்கியமான விஷயம். அந்தக் கையேட்டில் 9 அறிகுறிகள் இருக்கு. ஒரு வருஷத்துக்குள்ள 4 இருந்தா நோய்:

– அதே கிக் வர பந்தயத்தைக் கூட்டிக்கிட்டே போறது
– குறைக்கப் பாத்தா எரிச்சல், படபடப்பு
– நிறுத்த முயற்சி பண்ணிப் பண்ணித் தோக்கிறது
– எந்நேரமும் அதே நினைப்பு
– மனசு கஷ்டமா இருந்தா ஆடப் போறது
– விட்ட காசைப் பிடிக்க மறுநாள் திரும்பப் போறது
– வீட்ல பொய் சொல்றது
– வேலை, உறவு, படிப்பு இதுல எதையாவது பணயம் வைக்கிறது
– ஓட்டையை அடைக்க மத்தவங்ககிட்ட காசு கேக்கிறது

திரும்ப ஒரு தடவை படிங்க. இதுல எங்கயாவது "இத்தனை ரூபாய்க்கு மேல"ன்னு இருக்கா? இல்லை. நோய்க்கு உங்க ஸ்டேக் தெரியாது. "சின்ன ஸ்டேக்"ங்கிறது கேசினோ வகுத்த பிரிவு. மருத்துவத்துல அப்படி ஒரு பிரிவு கிடையாது.

13/
அதனாலதான் சின்ன ஸ்டேக் எனக்கு அதிக பயம்.

பெரிய ஆட்டத்துல ஒரே ராத்திரியில அடி விழும், ஊருக்கே தெரியும், குடும்பம் கூடி உக்காந்து பேசும். சின்ன ஆட்டத்துல அடி தெரியாது. மூணாயிரம் போச்சா, டீசல் செலவுன்னு எழுதிக்கலாம். எட்டாயிரம் போச்சா, பையருக்கு விருந்துன்னு சொல்லிக்கலாம். வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியவர்றப்போ நாலு வருஷம் ஆகியிருக்கும். நகை அடகுல இருக்கும்.

இது ஒருத்தரோட கதை இல்லை. இந்த வடிவத்துல என் அறைக்கு வந்தவங்க பல பேர். அவங்க சூதாட்டம்னு சொல்லிட்டு வரலை. தூக்கமில்லை, நெஞ்சு படபடப்பு, பிரஷர் மாத்திரை கேக்கலை, சுகர் ஏறிட்டே போகுதுன்னு வந்தாங்க.

14/
"என் காசு, என் இஷ்டம். உங்களுக்கு என்ன?"

நியாயமான கேள்வி. திருப்பூர்ல மட்டும் அதுக்குப் பதில் கொஞ்சம் வேற.

பத்து மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிற ஒருத்தர் கையில வெள்ளிக்கிழமை இருக்கிற பணம் யாரோடது? அதுல கம்பெனிக்காரர் கொடுத்த அட்வான்ஸ் இருக்கு. நூல் கடை பாக்கி இருக்கு. மிஷின் தவணை இருக்கு. எல்லாத்துக்கும் மேல சனிக்கிழமைச் சம்பளம் இருக்கு. ஓவர்லாக் டெய்லருக்கு, கைமடிக்கு, செக்கிங் அக்காவுக்கு, வாரம் பூரா நின்னு அயர்ன் பண்ணின பீகார் பையனுக்கு.

அந்தக் காசு ரெண்டு நாள் உங்க பாக்கெட்ல தங்குது. அவ்வளவுதான். தங்கற காசும் சொந்தக் காசும் ஒண்ணு இல்லைங்க.

15/
சனிக்கிழமை சாயங்காலம் "திங்கக்கிழமை தர்றேன்"னு ஒரு ஓனர் சொன்னா என்ன ஆகும்? இருபது வீட்ல ஞாயித்துக்கிழமை கறி எடுக்க மாட்டாங்க. அதோட முடியாது. மளிகைக் கடை பாக்கி ஏறும். குழுக்கடன் தவணைக்கு வர்ற ஆளுக்குப் பதில் சொல்ல முடியாது. சுகர் மாத்திரை வாங்கறது தள்ளிப்போகும். அந்த அம்மாதான் அடுத்த மாசம் கால் புண்ணோட என் முன்னாடி வந்து உக்கார்றாங்க.

உங்க பாட்ல அவங்க காலும் இருந்தது. அவங்களை யாரும் கேக்கலை.

16/
காலமும் சரியில்லை. 2025 ஆகஸ்ட் 27லிருந்து அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டப்போ ஆர்டர் எப்படி ஆடிச்சுன்னு நம்ம எல்லாரும் பாத்தோம். தொழில் டல்லாகிறப்போ சூதாட்டம் குறையும்னு நினைப்பீங்க. மேல பட்டியல்ல அஞ்சாவது அறிகுறியைப் பாருங்க: மனசு கஷ்டத்துல ஆடப் போறது. விட்டதை ஒரே ராத்திரியில பிடிச்சுடலாம்னு தோணுறது தொழில் படுத்திருக்கிறப்போதான்.

17/
"தடை பண்ணினா திருட்டுத்தனமா ஆடுவாங்க, அதுக்கு லைசென்ஸ் வாங்கின கேசினோ பரவாயில்லையே?"

இதுல பாதி உண்மை இருக்கு. மறைவுல நடக்கிற சீட்டுக் கூடத்துல ஏமாத்து உண்டு, அடியாள் வெச்சு வசூல் உண்டு. லைசென்ஸ் உள்ள இடத்துல அது குறைவுதான்.

ஆனா லைசென்ஸ் கொடுத்த அரசு தன் மக்களுக்கு என்ன சொல்லுதுன்னு பாருங்க. கோவாவில் கேசினோ 1976ஆம் ஆண்டு சட்டத்தில் பின்னாடி சேர்த்த திருத்தங்களால அனுமதிக்கப்பட்டது. அதே கோவா அரசு 2020 பிப்ரவரி 1லிருந்து கோவாக்காரங்க கேசினோவுக்குள்ள ஆடப் போகக் கூடாதுன்னு ஆக்கிடுச்சு. நேபாளமும் தன் குடிமக்களை விடுறதில்லை. சிங்கப்பூர் தன் குடிமக்கள்கிட்ட 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி நுழைவு வரி வாங்குது.

தன் பிள்ளைக்குக் கொடுக்காத பலகாரத்தை விருந்தாளிக்கு மட்டும் வெச்சா, அதைச் சாப்பிடலாமா?

18/
சிங்கப்பூர்கிட்ட இருந்து ஒண்ணு எடுத்துக்கலாம். அங்க குடும்பத்தார் விண்ணப்பிச்சு, பாதிக்கப்பட்டவரை கேசினோவுக்குள்ள விடாம தடுத்து உத்தரவு வாங்க முடியும். தானா முன்வந்து தன் பேரையே தடைப்பட்டியல்ல சேர்க்கவும் முடியும்.

கேசினோவை அனுமதிக்கிற எந்த இந்திய மாநிலத்துக்கும் இது கட்டாயச் சட்டமா இருக்கணும். மனைவியோ அம்மாவோ கையெழுத்து போட்டா, அந்த ஆதாருக்குக் கதவு திறக்கக் கூடாது. தமிழ்நாட்டு அரசு இதைக் கேக்கணும். போற கூட்டத்துல நம்ம ஆளுங்களும் இருக்காங்க, கேக்கிற உரிமை நமக்கு இருக்கு.

19/
ரீல்ஸ் போடுற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. "பட்ஜெட்ல கேசினோ", "பிகினர்ஸுக்கு பெஸ்ட் போக்கர் ரூம்", "பேங்க்ரோல் மேனேஜ்மென்ட்"னு வீடியோ போடுறீங்க. நீங்க ஜெயிச்ச ராத்திரியை மட்டும் எடிட் பண்ணிப் போடுறீங்க. பேங்க்ரோல் மேனேஜ்மென்ட்டுக்கு முதல்ல பேங்க்ரோல் வேணும், அதாவது போனாலும் வாழ்க்கை மாறாத தனிப்பணம். 14,000 ரூபாய் மாசச் சம்பளம் வாங்குற பையன் உங்க வீடியோவைப் பாக்கிறான். அவனுக்கு அப்படி ஒரு பணம் கிடையாது. வாடகைதான் இருக்கு.

20/
குடும்பத்துக்கும், பாதிக்கப்பட்டவங்களுக்கும் பயன்படுற விஷயங்கள். சேவ் பண்ணி வெச்சுக்கோங்க.

ரெண்டே கேள்வி. "பந்தயத் தொகையைக் கூட்டிக்கிட்டே போகணும்னு தோணியிருக்கா?" "எவ்வளவு ஆடினீங்கன்னு வீட்ல பொய் சொல்லியிருக்கீங்களா?" ஒண்ணுக்கு ஆமான்னாலும் டாக்டரைப் பாருங்க. ரொம்ப காலமா பயன்பாட்டில் இருக்கிற கேள்விகள் இவை.

மாத்திரை. பார்கின்சன் நோய்க்கும், ராத்திரி கால் குடைச்சலுக்கும் கொடுக்கிற பிராமிபெக்சோல், ரோபினிரோல், மனநோய்க்குக் கொடுக்கிற அரிபிப்ரசோல் – இவை சிலருக்கு அடக்க முடியாத சூதாட்ட ஆசையைக் கிளப்பும். பேசாம இருந்த 65 வயசு அப்பா திடீர்னு சீட்டாட ஆரம்பிச்சா திட்டாதீங்க, மருந்துச் சீட்டை எடுத்துட்டு வாங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.

21/
கடனை மொத்தமா அடைச்சு விடாதீங்க. பாசத்துல எல்லாரும் பண்றது இது. கடன் தீர்ந்த மறுநாள் கை சுத்தமா இருக்கும், ஆட்டம் மறுபடி ஆரம்பிக்கும். முதல்ல சிகிச்சை, கூடவே பணப் பொறுப்பு வேற ஒருத்தர் கைக்கு. சம்பளக் கணக்கைத் தனியா பிரிங்க. யுபிஐ தினசரி வரம்பைக் குறைங்க. லோன் ஆப்களை அழிங்க.

சிகிச்சை உண்டு. சிந்தனை, நடத்தையை மாத்துற பேச்சு சிகிச்சை நல்ல பலன் தரும். சிலருக்கு மனநல மருத்துவர் மாத்திரையும் கொடுப்பார். நம்ம அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மனநலப் பிரிவு எங்கன்னு கேளுங்க. வெளியே சொல்ல வெக்கமா இருந்தா 14416, டெலி மனாஸ், 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம், இலவசம்.

சாகணும்னு பேச்சு வந்தா, அது பேச்சுன்னு விடாதீங்க. தனியா விடாதீங்க. அன்னைக்கே கூட்டிட்டு வாங்க. இந்த நோயில அந்த ஆபத்து நிஜம்.

22/
இப்போ கேள்விக்கு நேரடி பதில். சின்ன ஸ்டேக் போக்கருக்கு எந்தக் கேசினோ நல்லது?

எதுவும் இல்லை. சாப்பாடு நல்லா இருக்கும் கப்பல் இருக்கு, ஏசி நல்லா இருக்கும் கப்பல் இருக்கு. சின்ன ஸ்டேக் ஆடுறவருக்கு நல்லதா இருக்கிற டேபிள் கணக்குலயும் இல்லை, மருத்துவத்துலயும் இல்லை.

கோவா போங்க. கடல்ல குளிங்க, மீன் சாப்பிடுங்க. மீனா மட்டும் போயிடாதீங்க.

சனிக்கிழமைச் சம்பளத்தைப் போட்டுட்டுப் போங்க.

– ஒரு பொதுநல மருத்துவர், திருப்பூர்